நவோவின் இரண்டு வாயசைவுகள்

மூட வேண்டியது இமை மட்டும்தான். திறந்த கண் ஒரு படம், மூடிய கண் ஒரு படம், இரண்டையும் ஜப்பானில் யாரோ ஒரு கைதேர்ந்த மனுஷர் வரைந்து அனுப்பிவிட்டார்; இடையில் இமை இறங்கி வருகிற படங்களைப் போட்டுக் கொடுப்பதற்குத்தான் எழில்மதிக்குச் சம்பளம். முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் கீ என்பார்கள். நடுவில் வருபவை இன்பிட்வீன். எழில் தன் மனசுக்குள் அவற்றை வழி என்றுதான் சொல்லிக்கொள்வாள். தலை திரும்ப ஒரு வழி, கை இறங்க ஒரு வழி. வடபழனியில், ஏ.சி. குளிரும் யாருடைய டிபன் டப்பாவிலிருந்தோ வந்த எலுமிச்சைச் சாத வாசனையும் கலந்த இந்த அனிமேஷன் கூடத்தில் எத்தனை ஆயிரம் வழி போட்டிருப்பாள், ஒருநாளும் கை நின்றதில்லை, இன்றைக்கு மட்டும் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலிருந்தே பேனாவின் முனை திரைக்கு மேலே நின்றுகொண்டு இறங்கமாட்டேன் என்கிறது. "எழில், டீ வர்றதுக்குள்ள அந்த கட்ட முடிச்சுருவியா?" என்று ரோஸ்லின் அக்கா இரண்டுமுறை கேட்டுவிட்டாள். அவள்தான் இங்கே எல்லோருடைய படங்களையும் சரிபார்க்கிறவள்; ஒரு காட்சித் துண்டுக்குக் கட் என்று பேர். முடிச்சுருவேன்க்கா. கண்தானே. ஒரு சின்னப் பையனுடைய கண். அம்மாவுக்கும் சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போனில் கூப்பிட்டாள். "எழிலு, மாமா வந்து உக்காந்திருக்கான்டி. தை அமாவாசைக்குத் தம்பி காரியத்தத் தேவனாம்பட்டினத்துலயே செஞ்சுரலாங்கிறான். ஐயருகிட்ட இன்னைக்குச் சொல்லணுமாம்." எழில் வாயில் நுரையோடு, முடியாதும்மா என்றாள், ஒவ்வொரு வருஷமும் சொல்கிற அதே முடியாது. அம்மா இந்த முறை அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. "காக்காய்க்குச் சோறு வெக்கிறப்ப உங்கப்பாவுக்குன்னு சொல்லி வெக்கிறேன். தம்பிக்குன்னு வெக்க முடியல. செத்தவங்களுக்குத்தான வெக்கணும், உசுரோட இருக்கிறவனுக்கு வெச்சா ஆகாது. நீ உசுரோட இருக்கான்னு சொல்ற. சரி. அப்ப வீட்டுத் தட்டுலயும் சோறு இல்ல, காக்காய்க்கும் இல்ல. எம்புள்ள ரெண்டுங்கெட்டானா பசியோட நிக்கிறான்டி," என்றாள். நுரை தொண்டைக்குள் போய்விட்டது. அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டாள். மிளகுக் காரம்போல அந்தப் பற்பசை இன்னும் தொண்டையில் இருக்கிறது.

திரையில் நவோ படுத்திருக்கிறான். நவோ. அவளுக்குப் பத்து வயதிலிருந்து தெரிந்தவன். அப்போது அனிமே என்ற சொல்லெல்லாம் யாருக்குத் தெரியும், கார்ட்டூன்தான், நெய்வேலி குவார்ட்டர்ஸில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து பார்த்த 'விளக்குத் தீவு'. நடுக்கடலில் ஒரு தீவு, அதில் ஒரு கலங்கரை விளக்கம், அதைக் காக்கிறவர்கள் இசுமி என்ற அக்காவும் நவோ என்ற தம்பியும். பெரியவர்கள் என்று யாரும் கிடையாது; அதுவே எவ்வளவு பெரிய சந்தோஷம். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற ஊர், அங்கே கரண்ட் போகாது, கடலூரிலிருந்து லீவுக்கு வருகிற மாமா பிள்ளைகள் இதற்காகவே வருவார்கள், அவர்களுக்கு முன்னால் தம்பி பரிதி ஏதோ தானே மின்சாரத்தைத் தோண்டி எடுத்தவன்போலக் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வான். பரிதி, ஆறு வயது, முன்பல் இரண்டும் இல்லை. "அக்கா, கடல் எழுந்திரிச்சிருச்சு!" என்று நவோ காலையில் கத்துவது பரிதிக்கு அப்படியே வரும், அந்த மூக்கடைத்த குரல். அது வயசான ஒரு பெண்ணின் குரல் என்பது பிறகுதான் தெரியும். சின்னப் பையன்களுக்கெல்லாம் பெண்கள்தான் டப்பிங் பேசுவார்கள். காலையில் போர்வையை இழுத்துவிட்டு, அக்கா கடல் எழுந்திரிச்சிருச்சு. சனியனே, தூங்கவிடு. கடல் எங்கே இருந்தது நெய்வேலியில். இரண்டு பேரும் கடலையே பார்த்ததில்லை அப்போது. கார்ட்டூன் கடல்தான் கடல், நீலத்தில் வெள்ளைக் கோடு, அது யாரையும் நனைக்காது. கடைசி வாரத்தில் நவோவுக்குக் காய்ச்சல் வரும். இசுமி அவனைப் போர்வையில் சுற்றிப் படகில் படுக்கவைத்துத் தலையை மடியில் வைத்துக்கொள்வாள். அவன் கையை லேசாகத் தூக்குவான். "வர்றேங்க்கா" என்பான். திரை வெள்ளையாகிவிடும், நாரைகள் பறக்கும், பிறகு இசுமி மட்டும் கரையில் நிற்பாள், பாட்டு வரும், எழுத்துகள் ஓடும். அவ்வளவுதான். அடுத்த திங்கட்கிழமை அதே நேரத்துக்கு முதல் பகுதியிலிருந்து மறுபடி போட்டார்கள், முதல் காட்சியிலேயே நவோ கலங்கரை விளக்கத்தின் படியில் தடதடவென்று இறங்கி வந்தான். பரிதி எழுந்து குதித்தான். "வந்துட்டான்க்கா! சொன்னேன்ல!" அவன் முன்னைவிடச் சின்னப்பிள்ளையாக இருக்கிறானே என்று எழில் கேட்டாள். பரிதி ஒரு கணம்தான் யோசித்தான். "காய்ச்சல்ல சுருங்கிட்டான்." அப்பா பேப்பருக்குப் பின்னால் சிரித்தது இப்போதும் கேட்கிறது, சிரிப்பு என்றுகூட இல்லை, பேப்பர் ஆடுகிற சத்தம்.

வர்றேன். அந்தச் சொல்தான். நம்மில் யார் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒருநாள் பரிதி பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று "போறேம்மா" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டான், "வாயக் கழுவுடா, வர்றேன்னு சொல்லு." வர்றேன் என்றால் போகிறேன், வர்றேன் என்றால் வருகிறேன், இரண்டும்தான், பேசுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் எது என்று தெரிந்துவிடும், குழந்தைகளுக்கு மட்டும் தெரியாது. நவோ வர்றேன் என்று சொல்லியிருக்கிறான். அப்படியானால் வரவேண்டும். திங்கட்கிழமை வந்தவன் படியில் இறங்கியதோடு சரி. படகில் திரும்பி வந்ததை யாரும் காட்டவில்லை. காட்டாததை யார் காட்டுவது? அப்பா சுரங்கத்திலிருந்து கொண்டுவரும் பழைய ஷிப்ட் தாள்களின் பின்பக்கத்தில் எழில் வரைய ஆரம்பித்தாள். படகு, துடுப்பு, படகில் நின்றுகொண்டு வருகிற நவோ. பரிதி பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து உத்தரவு போடுவான். கையில ஒரு பன்னு குடுக்கா. இசுமிக்கு வளையல் வாங்கிட்டு வரட்டும். "ஏன்டா, ஜப்பான்ல வளையல் போடுவாங்களா?" "இவங்க போடுவாங்க." ஒரு தாளில் கரை தூரத்தில், அடுத்த தாளில் கரை கொஞ்சம் கிட்டே, தாள்களைச் சேர்த்துப் பிடித்துக் கட்டைவிரலால் விசிறினால் படகு அசைந்தது. அது அசைந்த நொடியில் உடம்பு சிலிர்த்ததே, அதற்குப் பிறகு அவள் செய்ததெல்லாம் அந்த நொடியைத் தேடித்தான். அப்பா என்ஜினீயரிங் என்றார், இவள் ஓவியக் கல்லூரி என்றாள், இரண்டு நாள் சாப்பிடவில்லை, பரிதிதான் அப்பாவிடம் போய், "அவ படிச்சா நவோவ முழுசா கொண்டாந்துருவாப்பா" என்று கேலியாகவோ நிஜமாகவோ சொன்னான். அப்போது அவனுக்கு மீசை அரும்பியிருந்தது, கார்ட்டூனை மறந்துவிட்டான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கல்லூரியில் மற்றவர்கள் ஐரோப்பியப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தபோது இவளுக்குச் சொல்ல ஒரு பெயர்தான் இருந்தது, அதையும் சொன்னதில்லை. கட்டைவிரலால் தாள் விசிறிப் படித்தவள் என்று யாரிடம் சொல்ல. எந்தப் படத்தை எடுத்தாலும் யாரோ ஒருவர் தூரத்திலிருந்து வந்துகொண்டிருப்பார். போகிறவர் முதுகை அவள் வரைந்ததே இல்லை. ஒரு வாத்தியார் கேட்டார்கூட, ஏம்மா உன் படத்துல யாருமே கிளம்ப மாட்டாங்களா.

இமை. இமையைப் போடு. பேனாவை வைத்தாள், எடுத்தாள். 'விளக்குத் தீவு' புதிதாக எடுக்கப்படுகிறது என்று ரோஸ்லின் அக்கா சொன்ன அன்று எழில் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில்தான். அதில் கொஞ்சம் வேலை நமக்கு வருகிறது என்றதும் தானாக முன்வந்து கடைசிப் பகுதியைக் கேட்டு வாங்கினாள். படகுக் காட்சி எனக்குக் கொடுங்கக்கா. கேட்டு வாங்கியது. நேற்று ஓவியங்களோடு பழைய ஜப்பானிய ஒலியும் வந்தது, வாயசைவுக்காக. பக்கத்து மேசை ஃபைசல் ஹெட்போனைக் கழற்றி நீட்டினான், "ஒங்க ஆளு பேசுறாரு, கேளுங்க மேடம்," என்று. காதில் வைத்தாள். கடல் சத்தம். படகுக் கட்டை முனகும் சத்தம். பிறகு ஹ், என்று ஒன்று. இன்னொரு ஹ். அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடி ஓட்டினாள். ஹ், ஹ். "அக்கா, வசனம் விட்டுப்போயிருச்சு, பேச்சு தனியா வரணும்ல?" ரோஸ்லின் அக்கா நாற்காலியோடு உருண்டு வந்தாள். அவளுக்கு ஜப்பானிய மொழி தெரியும், வேலைக்காகப் படித்தது. கேட்டுவிட்டு ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்தாள். "இதுதான்டி. அவன் ஒண்ணும் பேசல. மூச்சுதான். ரெண்டு மூச்சு, அதோட முடிஞ்சுது." முடிஞ்சுதுன்னா? "முடிஞ்சுதுன்னா முடிஞ்சுது, பையன் செத்துப்போறான், அதுக்குத்தானே கண்ண மூடற கட்டு. நீ பாத்ததில்லையா, நீதானே பெரிய ரசிகை?" தமிழ்ல வர்றேன்னு சொல்வான்க்கா. அவள் சிரித்தாள், கெட்ட சிரிப்பில்லை. "எங்க பெரியப்பா டப்பிங்கிலதான் இருந்தாரு. வாய் அசைஞ்சா வசனம் வேணும்பாரு. சும்மா திறந்து மூடினா, பிலிம் கோளாறுன்னு ஜனங்க நெனப்பாங்களாம். ரெண்டு அசைவா, ரெண்டு அசைவுக்கு ஒரு வார்த்தை. குழந்தைங்க பாக்குற படம் வேற, செத்தான்னா காட்டுவாங்க? யாரோ நல்ல மனசுக்காரங்க எழுதியிருப்பாங்க." ஃபைசல் அங்கிருந்து, "அந்த எடத்துல வணக்கம்னு போட்டிருந்தா இன்னும் காமெடியா இருந்திருக்கும்," என்றான். எழிலும் சிரித்தாள். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். நல்ல மனசுக்காரர். டீ குடித்துவிட்டு வந்து மைக்குக்கு முன்னால் நின்று எத்தனை அசைவு என்று எண்ணிப் பார்த்திருப்பார். அக்கா என்பதைச் சேர்த்தது அந்தப் பெண்ணாக இருக்கும், மூக்கடைத்த குரலம்மா, அவருக்கும் ஒரு தம்பி இருந்திருக்கலாம். திறந்த வாயைச் சும்மா விட அவர்களுக்கு மனசு வரவில்லை. யாருக்குத்தான் வரும்.

யாருக்குத்தான் வரும். இங்கேதான் நேற்றிலிருந்து சிக்கிக்கொண்டு நிற்கிறாள், இதைத் தாண்டிப் போகவேண்டாம் என்று எத்தனை தடவை திரும்பினாலும் கால் தானாக இங்கே வந்து நிற்கிறது. தினகர். பரிதியோடு கல்லூரியில் படித்தவன். பரிதி காணாமல்போன அன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஈர ஜீன்ஸோடு உட்கார்ந்திருந்தான், யாரோ போர்த்திய துண்டு தோளிலிருந்து நழுவிக்கொண்டேயிருந்தது. மீனவர்கள் படகுகளோடு போய்விட்டு வந்து, போய்விட்டு வந்து, தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். "இடுப்பளவு தண்ணிலதாங்க்கா நின்னோம். இவன் கொஞ்சம் தள்ளிப் போனான். அப்புறம் பார்த்தா தூரத்துல இருக்கான். கையத் தூக்கி ஆட்டுனான்க்கா. வாயத் தொறந்து என்னமோ சொன்னான். அலைச் சத்தத்துல கேக்கல. வெளாடுறான்னு நெனச்சு நாங்களும் கை ஆட்டுனோம்." நாங்களும் கை ஆட்டினோம். அதைச் சொல்லிவிட்டு அந்தப் பையன் மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டான். அவள் விட்டாளா? வாயசைவு வரைகிறவள் ஆயிற்றே, வேலைக்குச் சேர்ந்த புதிது, எந்த எழுத்துக்கு உதடு எப்படிக் குவியும் என்று கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டிருந்த காலம். அவன் தலையைப் பிடித்து நிமிர்த்தினாள். எப்படித் திறந்தான், காட்டு. இப்படியா? முதலில் கீழுதடு பல்லில் தொட்டு, அப்புறம் இப்படி அகலமாக? வர். றேன். இப்படித்தானே? அழுதுகொண்டே அந்தப் பையன் அவள் வாயைப் பார்த்தான். "ஆமாங்க்கா," என்றான். ஆமாங்க்கா. அன்றைக்கு அவள் எதைக் கேட்டிருந்தாலும் ஆமாம் என்றிருப்பான். அதை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு காலம். உடல் கிடைக்கவில்லை, தம்பி வர்றேன் என்று சொல்லியிருக்கிறான், இரண்டையும் சேர்த்துப் பிடித்து விசிறினால் படகு அசைந்தது. எங்கேயோ கரை ஒதுங்கியிருப்பான், நினைவு தப்பியிருக்கும், அந்தமானில் மீன் கம்பெனியில் இருப்பான், பர்மாவில் இருப்பான். அப்பா சாகும்போதும், "பரிதி வந்தான்னா" என்று எதையோ ஆரம்பித்து முடிக்காமல் போனார். அது இவள் கொடுத்த பேச்சு, இவள் வாயிலிருந்து அவர் வாய்க்குப் போனது. மாமா காரியம் என்ற வார்த்தையை எடுத்த ஒவ்வொரு தடவையும் அவரை விரட்டினாள், தர்ப்பையில் பொம்மை செஞ்சு எரிப்பீங்களா, உயிரோட இருக்கிறவனையா, வெட்கமா இல்ல? அம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். பரிதி ஒன்றும் சொல்லவில்லை. உப்புத் தண்ணீருக்கு மேலே வாயைக் கொண்டுவந்து ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. அவன் அக்காவைக் கூப்பிடவில்லை, விடைபெறவில்லை, காற்றுக்குத்தான் வாயைத் திறந்தான். கரையில் எல்லோரும் கை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவளும்தான், அந்த மாலையிலிருந்து இந்த மதியம்வரை, ஆட்டிக்கொண்டேயிருந்தாள்.

பேனா இறங்கியது. இமையின் ஓரத்தில் மெல்லிய ஒரு கோடு, பாவைக்கு மேலே ஒரு மயிரிழை. அடுத்த படம். இன்னும் கொஞ்சம். இமை ஒரே வேகத்தில் இறங்கக்கூடாது, முதலில் தயங்கி, நடுவில் தன் கனத்தில் விழுந்து, முடிவில் மறுபடி மெல்ல. தூங்குகிற குழந்தைக்கும் அப்படித்தான், பார்த்திருக்கிறாள், அவளுடைய இடது தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிப்போகிற பரிதி, கடைசிவரை இல்லை இல்லை தூங்கலை என்பவன். பாவை பாதி மறைந்தது. நவோவின் கண்ணில் அந்தப் பெரிய ஜப்பானியர் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்திருந்தார், எங்கிருந்தோ விழுகிற வெளிச்சம், கலங்கரை விளக்கத்தின் வெளிச்சமாக இருக்கும். அதை எந்தப் படத்தில் எடுப்பது? இங்கேயா, இதற்கு அடுத்ததிலா? அது அவளிடம் விட்டது. கீ போடுகிறவர் அதையெல்லாம் சொல்வதில்லை. புள்ளியை எடுத்தாள். மூடிய கண்ணோடு சேர்த்து எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தாள். மூடியது. இன்னொரு தடவை ஓட்டவில்லை. "நல்லா வந்திருக்குடி," என்றாள் ரோஸ்லின் அக்கா, தோளுக்குப் பின்னாலிருந்து. கொஞ்சம் நின்றாள். "ரொம்ப நல்லா வந்திருக்கு. போய் டீ குடி." எழில் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். கீழே சாலையில் பஸ் ஒன்று விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஒரே மணியில் அம்மா எடுத்தாள், கையிலேயே வைத்திருந்திருப்பாள். "செஞ்சுரலாம்மா," என்றாள் எழில். பிறகு அம்மா, போனை எட்டப் பிடித்துக்கொண்டு, "சரின்னு சொல்லிட்டாடா," என்று மாமாவிடம் சொன்னது கேட்டது, அதில் சந்தோஷம்போல ஏதோ ஒன்று இருந்தது, உடனே அது உடைந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்ப வந்தாள். "போட்டோ வேணும்டி, மால போட. நம்மகிட்ட காலேஜு அட்டையில இருக்கிறதுதான், ஸ்டாம்பு அளவு. இன்னொண்ணு அந்தப் பசங்களோட எடுத்தது. அது வேணாம். அதுல பின்னாடி அது தெரியுது." கடல் என்ற சொல்லை அம்மா சொல்வதில்லை. "நீயே வரஞ்சிரேன். ஊருக்கெல்லாம் வரையிற." எப்படிம்மா வரையட்டும், அந்த வயசிலயா? அம்மா யோசித்தாள். பஸ் போய்விட்டது, சாலை ஒரு நொடி அமைதியாக இருந்தது. "வேணாம். இப்ப இருந்தா எப்பிடி இருப்பானோ அப்பிடிப் போடு. நாம வளத்த புள்ளையா இருக்கட்டும். கொஞ்சம் சதை போட்டிருப்பான், உங்கப்பா வாகு."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஃபைசல் அவள் மேசையில் டீயை வைத்து மேலே ஒரு பிஸ்கட்டையும் வைத்துவிட்டுப் போயிருந்தான். புதுப் பக்கத்தைத் திறந்தாள். வெள்ளை. பத்தொன்பது வயது முகம் அவளுக்குக் கண்ணை மூடினாலும் வரும், இந்தக் கன்னம், இந்தத் தாடை, புருவத்தில் கொசு கடித்துச் சொறிந்த வடு. அது ஒரு கீ. இன்னொன்று கிடையாது. போகவேண்டிய இடத்தை யாரும் வரைந்து அனுப்பவில்லை, வழியை மட்டும் எப்படிப் போடுவது, இந்த வேலையில் யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. இத்தனை வருஷம் அவன் எங்கோ உயிரோடு இருக்கிறான் என்று சொன்னவள் ஒரு பிறந்தநாளில்கூட அவனுக்கு வயதேற்றிப் பார்க்கவில்லை; அந்தமானிலும் பர்மாவிலும் அதே ஈரத் தலைமுடியோடு பத்தொன்பதாகவே நிறுத்தி வைத்திருந்தாள். தாடையிலிருந்து தொடங்கினாள். அப்பாவுக்கு முப்பதில் விழுந்ததுபோல அங்கே கொஞ்சம் சதை. நெற்றி இரண்டு பக்கமும் மேலேறியது, முடி மெலிந்தது. கண்ணுக்குக் கீழே, வேலை பார்க்கிற ஆம்பிளைகளுக்கு வருமே, அந்த லேசான பை. என்ன வேலை? ஏதோ ஒரு வேலை. கடன் கேட்டு அக்காவிடம் திட்டு வாங்கியிருப்பான், கல்யாணம் ஆகியிருக்கும், அவளுக்குப் பிடிக்காத ஒருத்தியைக் கட்டியிருப்பான். மீசையை அடர்த்தியாகப் போட்டாள், கொஞ்சம் கத்தரித்தாள். உதடுகளைச் சேர்த்து வைத்தாள், ஒரு சொல்லுக்கும் இடமில்லாமல். தள்ளி உட்கார்ந்து பார்த்தாள். யாரோ ஒரு மனிதர் திரையிலிருந்து அவளைப் பார்த்தார், நல்லவராகத் தெரிந்தார், அம்மா சொன்ன அப்பா வாகு. பஸ்ஸில் எதிர் சீட்டில் உட்கார்ந்து வந்திருந்தால் இரண்டாவது தடவை திரும்பிப் பார்த்திருக்க மாட்டாள். அவளுக்கு அவரைத் தெரியவில்லை.